காரைக்காலில் ஒரு கம்பளி அங்கி

சித்திரை மாதத்து நடுப்பகலில் காரைக்கால் கடைத்தெருவில் ஒருவர் ஜவுளிக்கடைக்குள் நுழைந்து கம்பளித் துணி கேட்டால், கடை முதலாளி செய்யக்கூடியவை இரண்டு. ஒன்று, வந்தவரை விசிறிக்கு அடியில் உட்காரவைத்து மோர் கொடுப்பது. மற்றொன்று, தன் மகனைத் திரும்பிப் பார்ப்பது. என் அப்பா இரண்டையும் செய்தார்.

என்னைப் பார்த்ததற்குக் காரணம் இருந்தது. எழுபதுகளின் பின்பாதி அது. டெரிலினும் நைலெக்ஸும் வாங்க ஜனங்கள் முண்டியடித்துக்கொண்டிருந்த காலம். நான் பட்டப்படிப்பை முடித்துவிட்டு வாரிசாகக் கடையில் உட்கார்ந்திருந்தேன். வாரிசு என்பது வேலை தெரியாதவனுக்குத் தரப்படும் பதவி. அந்தப் பதவியில் நான் எடுத்த முதல் சொந்த முடிவு, ஈரோட்டுக்குச் சரக்கெடுக்கப் போன இடத்தில் ஒரு வடநாட்டு ஏஜெண்டிடம் சாயம் போடாத கம்பளித் துணியை ஒரு பெரிய கட்டாக வாங்கிவந்தது. மலிவாகக் கொடுத்தான். அந்த நாட்களில் நான் பனி பெய்யும் தேசத்து நாவல்களாகப் படித்துக்கொண்டிருந்தேன். அதைத் தவிர வேறு விளக்கம் இன்றுவரை எனக்கே கிடைக்கவில்லை.

கட்டு மேல்தட்டில் பாச்சை உருண்டைகளின் காவலில் கிடந்தது. அப்பா அதற்கு ‘ஆடு’ என்று பெயர் வைத்திருந்தார். வாடிக்கையாளர் எதிரில் என்னைத் திட்ட முடியாத சமயங்களில் மேல்தட்டைப் பார்த்து, “ஆடு சௌக்கியமா இருக்கா?” என்று விசாரிப்பார்.

அன்று, “ஏண்டா, ஆட்டை எறக்குடா,” என்றார்.  

வந்தவர் ஐம்பதை நெருங்கும் ஒல்லியான அம்மாள். வெள்ளைக்குக் கிட்டத்தில் இருந்த ஒரு நூல் சேலை, கழுத்துச் சங்கிலியில் கண்ணாடி. துணியை விரலால் தேய்த்தார், முகர்ந்தார், ஓரத்தில் ஒரு இழையை உருவினார். பிறகு கைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து இழையைக் கொளுத்தினார்.

“அம்மா, துணிக்கடைங்க!” என்று அப்பா கல்லாவை விட்டு எழுந்துவிட்டார்.

“பயப்படாதீங்க முதலாளி. முடி கருகுற வாசம் வருதா? அப்ப சுத்தமான கம்பளி.” அந்த அம்மாள் சாம்பலை ஊதிவிட்டு என்னைப் பார்த்தார். “தைக்க நூல் குடுங்க தம்பி.”

கொடுத்தேன். அதற்கும் தீக்குச்சி. நூலின் முனை கருகாமல் உருகிக் குண்டூசித் தலை மாதிரி உருண்டுகொண்டது.

“இது பாலியஸ்டர் கலந்தது. வேணாம்.”

“ரொம்ப கெட்டிங்க மதாம். அறாது,” என்றேன்.

“கெட்டிதான். ஆனா அப்ப ஏது?”

எப்போது என்று நான் கேட்கவில்லை. ஆடு விற்றுக்கொண்டிருக்கும்போது குறுக்குக் கேள்வி கேட்கக் கூடாது என்கிற அளவுக்கு எனக்கும் வியாபாரம் தெரியும்.

அவரை ஊரில் எல்லோரும் மதாம் என்றுதான் சொன்னார்கள். கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், அவர் முசே. இருவரும் காரைக்கால் கிறிஸ்தவக் குடும்பங்களில் பிறந்து, பிரெஞ்சுக் குடியுரிமையோடு அங்கே பல வருடம் இருந்துவிட்டு, பென்ஷனோடு திரும்பியவர்கள். அப்படி எங்கள் ஊரில் நிறையப் பேர் உண்டு. திரும்பி வருகிறவர்கள் சுவர்க் கடிகாரம் கொண்டுவருவார்கள், சிலர் நாய்க்குட்டி கொண்டுவருவார்கள். மதாம் கொண்டுவந்தது ஒரு நூற்றாண்டு. எழுநூறு வருடத்துக்கு முந்திய பிரான்சில் ஒரு சாதாரணப் பெண் என்ன உடுத்தினாளோ அதை, அவள் எப்படித் தைத்திருப்பாளோ அப்படியே தைப்பது என்பது அவருடைய பொழுதுபோக்கு. தபால்தலை சேர்க்கிறவர்களைப் போல அங்கே இதற்கும் ஆட்கள் உண்டாம். காரைக்காலில் இவர் ஒருவர்தான்.

துணி கொண்டுபோய்க் கொடுக்கும் சாக்கில் நான் அவர் வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன். கடையில் இருப்பதைவிட அது சுலபமான வேலை. பின்கட்டு அறையில் இரண்டு நாற்காலிகள் இருக்கும். ஒன்று பிரான்சிலிருந்து வந்த தையல் மெஷினுக்கு முன்னால். அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ஜாக்கெட் தைக்க அதில் உட்காருவார். மெஷின் மழை பெய்கிற மாதிரி ஓடும். மற்றது ஜன்னலோரப் பிரம்பு நாற்காலி. அங்கியைத் தைப்பதென்றால் மெஷினை மூடிவிட்டு அதற்கு மாறிவிடுவார். நூலைத் தேன்மெழுகில் இழுத்து இழுத்துப் பதப்படுத்தி, ஊசியால், அரிசி அரிசியாகத் தையல். இரண்டு நாற்காலிக்கும் நடுவே நாலு முழ இடம்தான். அவர் கணக்கில் அது எழுநூறு வருடம்.

“மெஷின்ல ஒரு மத்தியானத்துல முடிஞ்சிடுமே?” என்று ஆரம்பத்தில் ஒருமுறை கேட்டேன்.

“அப்ப ஏது மெஷினு?”

“உள்பக்கத் தையல் யாருக்குத் தெரியப்போவுது?”

“எனக்குத் தெரியுமே.”

உள்ளங்கிக்கு லினன் வேண்டும். அது எங்கள் கடையிலும் இல்லை, எங்களுக்குத் தெரிந்த கடைகளிலும் இல்லை. பிரான்சில் பழைய சாமான் சந்தையில் வாங்கிய படுக்கை விரிப்புகளைப் பெட்டியிலிருந்து எடுத்து வெட்டினார். வெட்டுவதும் ஒரு தினுசு. சதுரமும் நீளச் சதுரமும் முக்கோணமுமாக வெட்டி, எல்லாவற்றையும் இணைத்தபோது மிச்சம் விழுந்த துணி ஒரு சோப்புப்பெட்டியில் அடங்கிவிட்டது. துணியை வீணாக்க அந்தக் காலத்துப் பெண்ணுக்கு வக்கு இல்லை என்றார். ஒரு ஜவுளிக்கடைக்காரனின் மகனாக அந்தக் காலத்துப் பெண்ணைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் வரவில்லை.

சாயத்துக்கு மஞ்சிட்டி வேர் வேண்டுமென்று என்னை நாட்டு மருந்துக் கடைக்கு அனுப்பினார். கடைக்காரர் நிறுத்துக்கொண்டே, “உள்ளுக்கா, மேல தடவவா?” என்றார்.

“துணிக்கு.”

“துணிக்கு என்ன நோவு?”

பொட்டலத்தைக் கட்டுவதற்கு முன் என்னை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். நோவு துணிக்கு இல்லை என்று முடிவு செய்துவிட்டார் போலிருந்தது. படிகாரமும் மஞ்சிட்டியும் சேர்ந்து என் ஆடு செங்கல் நிறத்துக்கு வந்தது. முசே மட்டும் அதை உடுப்பு என்று ஒருநாளும் சொன்னதில்லை, சாக்கு என்பார்.

முசேயின் துயரம் உடுப்போடு நிற்கவில்லை. அந்த நூற்றாண்டின் விதிகள் மெல்ல அடுப்பங்கரைக்குள்ளும் வந்துவிட்டன. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு எல்லாம் கப்பல்காரர்கள் அமெரிக்காவைக் கண்ட பிறகு வந்தவையாம். அங்கி தைக்கிற வாரங்களில் மதாமுக்கு அவற்றைத் தொட மனம் வராது. ஒரு வெள்ளிக்கிழமை முசே கடைக்கு வந்து அப்பாவின் எதிரில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினார்.

“மீன் குழம்பு வச்சா முதலாளி. வஞ்சிர மீனு. மொளவ அரைச்சு ஊத்தி வச்சிருக்கா. வரமொளகா எங்கடின்னேன். ‘அப்ப ஏது’ங்கறா. மோன் தியே, கடவுளே! நான் சண்டையில மூணு நாளு காஞ்ச ரொட்டி தின்னவன். அப்பக்கூட எனக்கு அழுவ வரல.”

“பட்டாளத்துல இதுக்கெல்லாம் பயிற்சி தரமாட்டாங்களா?” என்று அப்பா பணிவாகக் கேட்டார்.

பட்டாளத்துக்காரர் எழுந்து, எதிர்த்த கடையில் மசால்வடை வாங்கித் தின்றுவிட்டுப் போனார். மிளகாயோடு.

இதையெல்லாம் ஊர் ஒரு வேடிக்கையாக எடுத்துக்கொண்டுவிட்டது, மறுவருடத்துப் பெரிய வெள்ளிக்கிழமை வரையில். மாதா கோயில் இளைஞர்கள் இயேசுவின் பாடுகளின் நாடகம் போட்டார்கள். உடை தைத்துத் தரும்படி முதலில் மதாமிடம்தான் கேட்டிருந்தார்கள். ரோமாபுரிச் சிப்பாய்க்கு எது தெரிந்திருந்தாலும் சரிகைப் பேப்பர் ஒட்டிய அட்டை மார்க்கவசம் மட்டும் தெரிந்திருக்காது என்று மதாம் விளக்கியதும், விட்டுவிட்டார்கள். நாடகத்தன்று மதாம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். இயேசுவுக்குத் தீர்ப்புச் சொல்லும் பிலாத்து, தபால் ஆபீசில் வேலை பார்த்த பையன், கூட்டத்தைப் பார்த்து நின்று கை கழுவினான். ஊரே அமைதியாக இருந்தது. அவன் மணிக்கட்டில் ரேடியம் முள் வைத்த கைக்கடிகாரம் மின்னியது. அந்த அமைதியில் முன்வரிசையிலிருந்து தெளிவாக ஒரு குரல் கேட்டது: “அப்ப ஏது?”

பிலாத்து கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, ஒரு கையாலேயே உலகத்தின் மிகப் பெரிய தீர்ப்பை வழங்கி முடித்தான். ஜனங்கள் சிரித்த சிரிப்பில் ஆண்டவர் சிலுவை சுமந்து வந்ததை யாரும் சரியாகக் கவனிக்கவில்லை. பங்குச்சாமி அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் மதாமைப் பற்றியே பேசினார். மதாம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, வெளியே வந்ததும் என்னிடம், “அந்தப் பையன் வாட்சைக் கழட்டி வச்சிருக்கலாம்ல?” என்றார். அவர் வருத்தமெல்லாம் அதுதான். பிலாத்து பிறகு ஒரு வருடத்துக்கு எங்கள் கடைப்பக்கம் வரவில்லை. எனக்கும் அன்றைக்கு மதாமிடம் லேசான பயம் வந்தது. எதையும் கேலிக்காகச் சொல்லாதவர்களிடம் வரும் பயம் அது.

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரிந்தது ஐப்பசி மழையில். வெளியே கிளம்ப முடியாமல் அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். கையில் ஊசி ஓடிக்கொண்டிருக்க, தலை நிமிராமல் சொன்னார்.

அவர்கள் பிரான்சில் இருந்தது கோட்டைச் சுவர் கொண்ட ஒரு சின்ன ஊர். கோடையில் ஒருநாள் ஊரே பழைய காலத்து உடையில் தெருவில் நடக்கும். கொல்லன், பால்காரி, பிச்சைக்காரன், பிரபு என்று ஆளுக்கொரு வேஷம். மதாமும் சேர்ந்தார். அவருக்கு முதல் வருடமே கிழக்கு தேசத்து ராணியின் தோழி என்று ஒரு வேஷம் தந்தார்கள். நெற்றியில் கண்ணாடிக் கல், கையில் மிளகும் பட்டையும் வைத்த தட்டு, பளபளவென்று சாட்டின் உடுப்பு.

“முதுகுல ஜிப்பு வச்ச சாட்டின் தம்பி. ஜிப்பு!”

அடுத்த வருடமும் அதே தட்டு. அதற்கடுத்த வருடமும் அதே. அவர்கள் குடியிருந்தது ஒரு ரொட்டிக்கடைக்கு மேல்மாடியில். விடிகாலையில் கீழேயிருந்து வருகிற வாசனையில்தான் எழுந்திருப்பார். ஆகவே ஒரு வருடம் விழாக் குழுவிடம் போய், எனக்கு ரொட்டிக்காரரின் மனைவி வேஷம் கொடுங்கள், உடுப்பை நானே தைத்துக்கொள்கிறேன் என்று கேட்டார். குழுத் தலைவர் நல்ல மனிதராம். நாற்காலி போட்டு உட்காரச் சொல்லி, காப்பி வரவழைத்துக் கொடுத்துத்தான் சொன்னாராம்.

“என்ன சொன்னார்?”

“மதாம், இது சரித்திரம். அந்தக் காலத்துல இந்த ஊர்ல உங்களை மாதிரி ஆளு ஏதுன்னாரு. பாக்குறவங்க கொழம்பிடுவாங்களாம்.”

 

“நீங்க என்ன சொன்னீங்க?”

“என்ன சொல்றது? சரிதானே அவரு சொன்னது. அப்ப ஏது?” நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தார். “நான் முகத்தை மாத்திக்க முடியாது. உடுப்புல யாரும் ஒரு கொறை சொல்ல முடியாத மாதிரி தைக்கலாமேன்னு ஆரம்பிச்சேன். அவ்வளவுதான்.”

அதிகப்பிரசங்கித்தனம் எனக்குப் பிறவிக்குணம். “எழுநூறு வருஷத்துக்கு முந்தி காரைக்கால்லயும் இந்த உடுப்பு ஏது மதாம்?” என்றேன்.

“இல்லதான்,” என்றார். “ஆனா இங்க அதைக் கேக்குறதுக்கு ஒரு குழு இல்லையே.”

அங்கி கார்த்திகையில் முடிந்தது. எங்கே, எப்போது உடுத்துவது என்பதுதான் அடுத்த கேள்வி. பிரான்சின் தேசிய நாளான ஜூலை பதினாலுக்குப் பிரெஞ்சுக் குடிகள் கூடுவார்கள், முசே பதக்கம் எல்லாம் குத்திக்கொண்டு போவார், அன்றைக்கு உடுத்தலாமே என்றேன். முசே நாற்காலியிலிருந்தே, “அவ அந்தச் சாக்கோட வந்தா நான் பதக்கத்தைக் கெணத்துல போட்டுடுவேன்,” என்றார்.

மதாமுக்கும் அது பிடிக்கவில்லை. “விழாவுல போட்டா வேஷம்னு நெனைப்பாங்க. சாதாரண நாள்ல போடணும். ரொட்டிக்கடைக்குப் போறேன், ஒரு ரொட்டி வாங்குறேன், வீட்டுக்கு வர்றேன். அவ்வளவுதான். சும்மா ஒரு குடும்பத்துப் பொம்பள கடைக்குப் போறா. யாரும் திரும்பிப் பாக்கக் கூடாது.”

“மதாம், காரைக்கால்ல இதைப் போட்டுக்கிட்டுப் போனா நாய்கூட நின்னு பாக்கும்.”

“நாய் பாக்கட்டும்.”

என்னைப் பின்னால் வரச் சொன்னார். பேசக் கூடாது, பக்கத்தில் வரக் கூடாது. ஜனங்கள் என்ன சொல்கிறார்கள் என்பதை ஒரு எழுத்து மாறாமல் கேட்டுவந்து சொல்ல வேண்டும். அந்த உடுப்பின் தலைத்துணி காதை நன்றாக மூடிவிடுமாம், அவருக்குச் சரியாகக் கேட்காதாம். எனக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே உளவு வேலை அது.

மார்கழிக் குளிர், அதாவது எங்கள் ஊரில் குளிர் என்று வழங்கப்படுவது, இருந்த ஒரு காலையில் கிளம்பினார். முசே ஜன்னலைச் சாத்திக்கொண்டார். கணுக்கால் வரை செங்கல் நிற அங்கி, இடுப்பில் தோல்வார், அதில் ஒரு சுருக்குப்பை. தலையில் வெள்ளைத் துணி; தாடையையும் கழுத்தையும் சுற்றி இன்னொரு வெள்ளைத் துணி, ஊசி குத்தி இறுக்கியது. உள்ளங்கை அகலத்துக்கு முகம் மட்டும் தெரிந்தது. தலை நிமிராமல், அவசரமில்லாமல், வீட்டில் உலை வைத்துவிட்டு வந்தவர் மாதிரி நடந்தார். பார்த்துக்கொண்டே வந்த எனக்கே, நடக்கப் பழகியிருக்கிறார் என்று தோன்றியது.

மேரி என்று பிரெஞ்சுக்காலப் பெயரால் பெரியவர்கள் இன்னும் சொல்லும் நகராட்சிக் கட்டடத்தின் பக்கம் ஒரு ரிக்‌ஷாக்காரர் வண்டியில் சாய்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். மதாமைப் பார்த்ததும் பீடியைப் போட்டு மிதித்தார். தலைத் துண்டை அவிழ்த்தார்.

“ஸ்தோத்திரம் மதர்! எங்க போவணும்? ஏறி உக்காருங்க.”

மதாம் தலையை ஆட்டிவிட்டு நடந்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. எழுநூறு வருடத்துக்கு முன் ஐரோப்பாவில் எந்தக் குடும்பப் பெண்ணும் உடுத்திய உடையை, ஊரெல்லாம் மாற்றிக்கொண்ட பிறகும் மாற்றாமல் வைத்திருந்தவர்கள் கன்னியாஸ்திரிகள்தான். எங்கள் ஊர்ச் சிஸ்டர்கள் சேலைக்கு மாறிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. பழைய அங்கியை ஜனங்கள் மறக்கவில்லை. மதாம் அத்தனை வருடம் பாடுபட்டு, ஒரு இழை பிசகாமல், ஒரு மதரைத் தைத்திருந்தார்.

துணி வியாபாரிகள் இருவர், சாயபுமார்கள், பேச்சை நிறுத்திவிட்டு மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒரு பெண் இடுப்புக் குழந்தையோடு குறுக்கே வந்து நின்றாள்.

“மதர், புள்ளைக்கு ராப்பூரா இருமல். நெத்தியில ஒரு சிலுவை போட்டுவிடுங்க மதர்.”

மதாம் குழந்தையைப் பார்த்தார். குழந்தை இருமியது. சிலுவை போட்டார். ரொட்டிக்காரரின் மனைவியும் அதைச் செய்திருப்பாள் என்று பிற்பாடு என்னிடம் வாதாடினார், நான் மறுக்கவில்லை. ஆனால் சிலுவை போட்டதோடு காரியம் கெட்டது. “பழைய மதர் வந்துட்டாங்க” என்று தெருவில் செய்தி பரவி, வயதான அம்மாள்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பின்னால் சேர்ந்துகொண்டார்கள். மதாம் வேகமாக நடந்தார். அவர்களும் வேகமாக நடந்தார்கள். யாரும் முகத்தைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால், போன மாதம் தங்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தவரைத் தெரிந்திருக்கும். யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று கிளம்பியவர் ரொட்டிக்கடைக்கு ஒரு ஊர்வலத்தோடு போய்ச் சேர்ந்தார். ஊர்வலத்தின் வாலில் நான்.

ரொட்டிக்கடைக்காரர் கல்லாவிலிருந்து எழுந்தே நின்றார். “ஸ்தோத்திரம் மதர். மடத்துக்குங்களா? சொல்லி அனுப்பினா நானே கொண்டாந்திருப்பேனே.”

“ஒரு ரொட்டி குடுங்க. வீட்டுக்கு.”

“எடுத்துக்குங்க மதர். காசெல்லாம் வேணாம்.”

மதாம் சுருக்குப்பையின் கயிற்றைப் பிடித்தபடி நின்றார். எனக்கு முதுகுதான் தெரிந்தது. பிறகு குரல் உயர்ந்தது; மதாம் சத்தம் போட்டு நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

“நான் மதர் இல்லீங்க! நல்லாப் பாருங்க. இது ரொட்டிக்காரர் வீட்டுப் பொம்பளைங்க போட்டுக்கிட்ட உடுப்பு. எழுநூறு வருஷத்துக்கு முந்தி. சாதாரண உடுப்பு!”

கடைக்காரர் கண் கலங்கிப்போய் உள்பக்கம் திரும்பி, “இந்தா, செத்த வா இங்க. மதர் என்னமோ சொல்றாங்க, எனக்கு வெளங்கல,” என்றார்.

உள்ளேயிருந்து அவர் மனைவி வந்தார். போலகத்துப் பக்கத்துப் பெண்; குரல் பெரிது. சேலையைத் தூக்கிச் செருகியிருந்தார், முழங்கை வரை மாவு. விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, மதாமைத் தலையிலிருந்து கால் வரை நிதானமாகப் பார்த்தார். பார்வை அங்கியின் கையில் வந்து நின்றது.

“ரொட்டிக்காரர் வீட்டுலயா? இந்தக் கையை வச்சுக்கிட்டு எப்புடிப் பிசைஞ்சா?”

மதாம் தன் கையைத் தூக்கிப் பார்த்தார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஒட்டினாற்போல் இறுக்கமான கை. உடுத்திய பிறகு கடைசியாக அதைத் தைத்து மூட வேண்டும். அதுதான் அந்தக் காலத்து முறையாம். 

“மேல தள்ளுங்க பாப்போம்,” என்றார் ரொட்டிக்கார அம்மாள். மதாம் தள்ளினார். மணிக்கட்டை விட்டு அது நகரவில்லை. “பாத்தீங்களா? இதோட மாவுல கைய விட்டா, துணியும் போச்சு, மாவும் போச்சு. அப்ப அந்தப் பொம்பள மாவைத் தொட்டவளே இல்ல. கல்லாவுலயே உக்காந்திருந்தவ. இவரு மாதிரி.”

கடைக்காரர் ரொட்டிகளை அடுக்க ஆரம்பித்தார்.

அந்த அங்கிக்கு மதாம் கொடுத்த காலம் எனக்குத் தெரியும். உள்பக்கத் தையலில் ஒரு பிசகு என்று ஒரு பக்கம் முழுவதையும் பிரித்து மறுபடி தைத்தவர் அவர். அழுதுவிடப் போகிறார் என்று நினைத்து நான் முன்னால் நகர்ந்தேன்.

“பிசைஞ்சா கை இடிக்கும்,” என்றார் மதாம். “ஆமா. இடிக்கும். தப்பாத் தச்சிருக்கேன்.” குரலில் இருந்தது வருத்தமாக இல்லை. ஒரு கணக்கில் விடுபட்ட இடம் கிடைத்தவரின் பரபரப்பு அது. “ஊர்வலத்துல நடக்குறதுக்குத் தச்சிருக்கேன். பிசையறதை நெனைக்கவே இல்ல பாருங்க. ஒரு கத்தி குடுங்க.”

ரொட்டி அறுக்கும் கத்தி வந்தது. அதன் நுனியால், தேன்மெழுகு பூசிய அந்தத் தையலை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை அவரே பிரித்தார். ஒரு கை முடிந்ததும் மற்றது. பிரித்ததை மேலே சுருட்டினார்.

“இப்பப் பாருங்க.”

“இப்ப சரி. வாங்க உள்ள, பிசைஞ்சாத்தானே தெரியும். அந்தத் தொண்டைக் கட்டையும் அவுத்துடுங்க அக்கா, அடுப்புக்கிட்ட வேவும்.”

மதர் என்றது அக்கா ஆகிவிட்டதை நான் குறித்துக்கொண்டேன். இருவரும் உள்ளே போனார்கள். பிறகு தொட்டியில் மாவு அடிபடும் சத்தமும், இரண்டு பெண்கள் அக்குள், தோள்பட்டை, ஜாக்கெட் கை இவற்றைப் பற்றிச் சண்டை போடுகிற மாதிரி பேசுவதும் வெகுநேரம் கேட்டது. வெளியே பக்தர்கள் காத்திருந்தார்கள். “மதர் ரொட்டி சுடுறாங்களாம்,” என்றார் ஓர் அம்மாள் பரவசமாக. ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டு, “அடி போ! மதரும் இல்ல ஒண்ணும் இல்ல, நம்ம மதாமு!” என்றாள். கூட்டம் முணுமுணுத்தபடி கலைந்தது. குழந்தைக்காரி மட்டும் போகாமல் நின்று என்னிடம், “அப்ப இருமல் போவாதா?” என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். உளவாளியின் வேலை கேட்பது மட்டும்தான்.

பின்னாளில் மதாமும் முசேயும் அங்கேயே குடியிருந்த மகளோடு இருக்கப் பிரான்சுக்கே போய்விட்டார்கள். அங்கே அந்த விழா இன்னும் நடந்ததா, மதாம் அதில் நடந்தாரா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. கேட்டு எழுதியிருக்கலாம். நான் அப்போது கடையை மூடும் வேலையில் மும்முரமாக இருந்தேன்.

அன்றைக்கு அவர் வெளியே வந்தபோது அங்கியின் முன்பக்கமெல்லாம் மாவு. தாடைத்துணி தோளில் கிடந்தது. பிரிந்த கைகள் இரண்டும் முழங்கையில் சுருண்டு தொங்கின. கக்கத்தில் ஒரு ரொட்டி. வந்த வழியே நடந்தவர், நடுத்தெருவில் சட்டென்று நின்று, கையைத் தூக்கிப் பிரிந்த தையலை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அங்கே ஒரு முடிச்சு போடலாமா, நாடா வைக்கலாமா என்று யோசனை போல.

எதிரில் பட்டினச்சேரி மீன்கார அம்மாள் ஒருவர் தலையில் கூடையும் அதிலிருந்து ஒழுகும் தண்ணீருமாக ஓட்டமும் நடையுமாக வந்தார்.

“ஏய், நடுத்தெருவுல நின்னுக்கிட்டு என்னா ஆராய்ச்சி? ஓரமாப் போயேன்! மீனு நாறுது, வழிய மறிச்சுக்கிட்டு நிக்கிறா!”

சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார். திரும்பிப் பார்க்கவில்லை. அங்கி, தோல்வார், செங்கல் நிறம் எதுவும் அவர் கண்ணில் பட்டதாகவே தெரியவில்லை.

மதாம் என் பக்கம் திரும்பினார். பேசக் கூடாது என்ற நிபந்தனையை அவரே மறந்துவிட்டார்.

“கேட்டீங்களா தம்பி?”

“கேட்டேன்.”

“எனக்குப் பாதிதான் கேட்டுச்சு. என்ன சொன்னா?”

“ஓரமாப் போகச் சொன்னாங்க.”

“அப்படிச் சொல்லல அவ. ஒரு எழுத்து மாறக் கூடாதுன்னு சொன்னேன்ல? சொன்ன மாதிரியே சொல்லுங்க.”

அக்கம்பக்கத்தில் எங்கள் வாடிக்கைக்காரர்கள் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தேன். இருந்தார்கள். என் தாயார் வயதுள்ள மதாமைப் பார்த்து, கடைத்தெருவின் நடுவில், உரக்கவே சொன்னேன்: “ஏய், நடுத்தெருவுல நின்னுக்கிட்டு என்னா ஆராய்ச்சி? ஓரமாப் போயேன்!”

மதாம் ஓரமாகப் போனார்.